வித்தும் குலமும்

மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ குடியேறிய தமிழர் ஒருவர் தம் குழந்தையைப் பள்ளியிற் சேர்க்கச் செல்லுங்கால், அங்குள்ள எழுத்தர் 'குலப்பெயர் என்ன?' என்று வினவுவதும், நம்மவர் சற்றே தயங்கித் தம் பெயரையே குழந்தையின் குலப்பெயராக எழுதிக் கொடுப்பதும் நேயர்கள் பலர் பட்டறிந்த செய்தி. பெரும்பாலும் நமக்குக் குலப்பெயர் வழக்கமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே வழக்கம். அந்த ஓரெழுத்துக்குள் ஒரு பெரிய நம்பிக்கை அடங்கியிருக்கிறது. ஒரு குழந்தைக்கு வித்திட்டவன், அதனை வளர்ப்பவன், அதற்குச் சொத்தும் பெயரும் அளிப்பவன் ஆகிய மூவரும் ஒருவனே என்பதுதான் அந்நம்பிக்கை.

இம்மூவரும் ஒருவராக அமையாத இல்லங்கள் இன்று நம் நாட்டில் உள்ளன. கணவனிடம் விந்தணு இல்லாதபோது, முன்பின் அறியாத ஒருவர் கொடையாகத் தந்த விந்தணுவைக் கொண்டு மருத்துவர் துணையால் மனைவி கருவுறுகிறாள். இதனைப் பலரும் நேற்று வந்த புதுமை என்று எண்ணுகின்றனர். மருத்துவத்தில் இதற்கு நூற்று நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. மருத்துவத்தை விட்டுவிட்டு வழக்காற்றை நோக்கினாலோ, வித்தையும் குலத்தையும் வேறு வேறாக வைத்து வாழ்ந்த ஓர் ஊர் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அவ்வூர் திருவனந்தபுரம்.

திருவனந்தபுரத்து மருத்துவக் கல்லூரியை அடுத்து, தாய்மார்க்கும் குழந்தைகட்கும் உரிய பெரிய அரசு மருத்துவமனை ஒன்று இருக்கிறது. ஊரார் அதனை எஸ்.ஏ.டி. என்றே அழைப்பர். ஸ்ரீ அவிட்டம் திருநாள் என்பது விரிவு. அவிட்டம் திருநாள் என்பவர் அரசரல்லர். 1944-ஆம் ஆண்டு ஆறு வயதில் மறைந்த ஓர் இளங்குழந்தை. அப்போது திருவிதாங்கூரை ஆண்ட சித்திரைத் திருநாள் மகாராஜாவின் தங்கை கார்த்திகைத் திருநாள் லட்சுமிபாயின் மூத்த மகன். அக்குழந்தை வாழ்ந்திருந்தால் அரச வரிசையில் வந்திருக்கும். மன்னரின் மகனாக அன்று, மன்னரின் மருமகனாக. குழந்தைப்பேறு வேண்டி அம்மருத்துவமனையின் படியேறுகிற எத்தனையோ தம்பதியர், தந்தைவழியன்றித் தாய்வழியே உரிமை பெற்ற ஒரு சிறுவனின் பெயரைத் தாங்கிய வாயிலைக் கடந்தே உள்ளே செல்கின்றனர். இதனை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்க நேரமும் இராது.

மருமக்கத்தாயம் என்பது யாது? குலம் தாய்வழியே ஓடும். ஒருவனுடைய சொத்து அவன் மகனுக்குச் செல்லாது. உடன்பிறந்தாளின் மகனுக்குச் செல்லும். திருவிதாங்கூர் அரச குலமும் இவ்வழியே நடந்தது. மன்னரின் மனைவி அரசி ஆகாள். அவளுக்கு அம்மச்சி என்பது பெயர். அவள் பிறந்த வீடு அம்மவீடு. அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்னும் நான்கு அம்மவீடுகள் பெயர் பெற்றவை. நான்கு ஊர்களும் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கியவை என்பதைக் குமரி நாட்டு நேயர்கள் அறிவர். மன்னருக்குப் பிறந்த ஆண்மக்கள் 'தம்பி' என்னும் பட்டத்தோடு நின்றுவிடுவர். அரசி என்னும் பெயர் மன்னரின் உடன்பிறந்தாளுக்கே உரியது. அவளை மணப்பவர் கிளிமானூர் முதலிய குடும்பங்களைச் சேர்ந்த கோயில் தம்புரான்மார். அவர்க்குப் பிறக்கும் மகன் நாளை நாடாள்வான். ஆனால் அவர்க்கோ ஆட்சியில் ஒரு பங்கும் இல்லை.

வித்திட்டவனுக்கு உரிமையில்லை என்னும் இவ்விதி வெறும் ஏட்டில் இருந்த விதியன்று. இதற்காக இரத்தம் சிந்தப்பட்டது. 1729-ஆம் ஆண்டு ராமவர்ம மன்னர் மறைந்தபோது, அவர் மருமகனாகிய மார்த்தாண்டவர்மர் அரியணை ஏறினார். மன்னரின் சொந்த மக்களாகிய பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதனை ஏற்கவில்லை. தந்தையின் நாடு தமக்கே என்று எழுந்தனர், பூசலில் உயிரிழந்தனர். மருமக்கத்தாயம் வென்றது. தோற்ற மக்களின் துயரத்தையோ தென்குமரி வில்லுப்பாட்டு இன்றும் தம்பிமார் கதையாகப் பாடுகிறது. அரண்மனைச் சாசனம் மருமகன் பக்கம் நிற்க, நாட்டுப்புறத்துப் பாட்டு மகன் பக்கமும் செவிசாய்த்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆயினும், தந்தையன்பு இல்லாத ஊர் என்று திருவனந்தபுரத்தை நினைத்துவிடலாகாது. மார்த்தாண்டவர்மருக்குப் பின் ஆண்ட தர்மராஜா கார்த்திகைத் திருநாள் சிறு குழந்தையாய் இருந்தபோது, 1728-இல், பகைவர் வழிமறித்தனர். அக்குழந்தையையும் அதன் தாயையும் தப்புவித்துத் தாம் போரிட்டு மாண்டவர் குழந்தையின் தந்தையாகிய கிளிமானூர்க் கேரளவர்மக் கோயில் தம்புரான். அந்த மகன்மீது அவர்க்குச் சட்டப்படி எவ்வுரிமையும் இல்லை. உயிர்கொடுக்கும் உறவுக்கு மட்டும் தடையில்லை.

தாய்வழிக் குலத்துக்குப் பெண்மகவு இன்றியமையாதது. பெண் பிறவாதுபோனால் குலம் அறும். அப்போது செய்வது தத்து. வடக்கே கோலத்துநாட்டுக் குடும்பத்திலிருந்தும், பின்னாளில் அதன் கிளையாகிய மாவேலிக்கரையிலிருந்தும் பெண்குழந்தைகளை வரவழைத்து ஆற்றிங்கல் ராணிகளாக ஏற்றுக்கொள்வர். மார்த்தாண்டவர்மரும் தர்மராஜாவும் இவ்வாறு தத்து வந்த பெண்களின் வயிற்றிற் பிறந்தவர்களே. 1857-இல் மாவேலிக்கரையிலிருந்து இரு பெண்கள் வந்தனர். அவர்களில் மூத்தவரான லட்சுமிபாய் ராணிக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. அவர் கணவர் 'மயூர சந்தேசம்' பாடிய புலவர் கேரளவர்ம வலிய கோயில் தம்புரான். நாட்டின் மிக உயர்ந்த பெண்மணியும் அக்காலத்தின் பெரும்புலவரும் பிள்ளையில்லாத் தம்பதியராய் இருந்தனர். 1900-ஆம் ஆண்டு அந்த ராணி மாவேலிக்கரையிலிருந்து நான்கு வயதும் மூன்று வயதும் ஆன இரு சிறுமியரைத் தத்தெடுத்தார். சேது லட்சுமிபாய், சேது பார்வதிபாய் என்னும் அவ்விருவரும் ஓவியர் ராஜா ரவிவர்மாவின் மகள்வயிற்றுப் பேத்தியர். சேது பார்வதிபாயின் மகனே சித்திரைத் திருநாள். சேது லட்சுமிபாய் 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பேற்ற அரசியாக விளங்கினார்.

இந்நிகழ்ச்சிகளை நாம் இத்துணை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பேரரண்மனை, பிள்ளையில்லாத நிலைக்கு வெட்கப்படவில்லை. எங்கிருந்து பெண் வந்தாள், அவளைப் பெற்றவர் யார், அவள் மகனுக்குத் தந்தை யார் என்பன யாவும் நாடறிந்த செய்திகள். மறைப்பு என்பதே இல்லை. வித்திட்டவர்க்கு உரிமை கிடையாது. ஆனால் அவர் பெயர் உண்டு.

இம்முறையைப் பொன்னால் வேய்ந்து காட்டுவதும் நம் நோக்கமன்று. மருமக்கள் வழி தமிழர்க்கு அயலானதும் அன்று. நாஞ்சில் நாட்டு வேளாளர் தமிழே பேசினர். திருவிதாங்கூரின் ஆளுகையிலிருந்து மருமக்கள் வழியைப் பின்பற்றினர். அங்கே காரணவன் இறந்தால் சொத்து மருமகனுக்கு. மனைவியும் மக்களும் 'உகந்துடைமை' என்னும் சிறு பங்கோடு வெளியேற வேண்டும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இயற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்', ஒரு காரணவனின் ஐந்தாம் மனைவி தன் துயரைத் தானே சொல்வதாக அமைந்தது. சிரிப்பை உண்டாக்கும் நூல்தான். சிரித்து முடித்தபின் நெஞ்சு கனக்கும். தந்தை கண்முன் இருக்கிறார், அன்பாகவும் இருக்கிறார், ஆனால் அவர் கையிலிருந்து மகனுக்கு ஏதும் வாராது. இக்கொடுமை நீங்கவேண்டுமென்று கிளர்ச்சி எழுந்தது. 1925-இல் திருவிதாங்கூர் நாயர் சட்டமும், 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் மக்களுக்குத் தந்தையின் சொத்தில் உரிமை அளித்தன. இவ்விரண்டும் நிறைவேறியது, தாய்வழியே உரிமை பெற்ற சேது லட்சுமிபாயின் ஆட்சிக்காலத்தில்! பின்னர், 1976 டிசம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கேரளச் சட்டம் கூட்டுக் குடும்ப முறையையே முடித்து வைத்தது. வித்திட்டவன், வளர்ப்பவன், அளிப்பவன் மூவரும் கேரளத்திலும் ஒருவனாயினர்.

ஆக, தந்தையை ஒருவனாக்கச் சட்டம் பாடுபட்ட அதே நூற்றாண்டில், மருத்துவம் அவனை மீண்டும் இருவராக்கிக் கொண்டிருந்தது. அதனை இனிக் காண்போம்.

1884-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் வில்லியம் பான்கோஸ்ட் என்னும் பேராசிரியரிடம் ஒரு செல்வ வணிகரும் அவர் மனைவியும் பிள்ளையின்மைக்கு மருத்துவம் நாடி வந்தனர். அக்கால வழக்கப்படி முதலில் மனைவியையே சோதித்தனர். அவளிடம் குறை காணவில்லை. குறை கணவரிடம் இருந்தது. இளமையில் கண்ட நோயால் அவர் விந்தில் உயிரணு இல்லை. பேராசிரியர் ஒரு முடிவு செய்தார். மறுபடியும் சோதிப்பதாகச் சொல்லி அப்பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து, தம் மாணவர்களில் ஒருவருடைய விந்தை அவள் கருப்பையிற் செலுத்தினார். அவளுக்கு அச்செய்தி சொல்லப்படவே இல்லை. கணவருக்குப் பின்னர்ச் சொன்னார்கள். அவரும் மனைவிக்குச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டார். ஆண்மகவு பிறந்தது. உடனிருந்த மாணவர்கள் வாய்திறவாமல் இருபத்தைந்து ஆண்டுகள் காத்தனர். 1909-இல் அவர்களில் ஒருவரான அடிசன் டேவிஸ் ஹார்டு ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தால்தான் உலகம் இதனை அறிந்தது. கொடை விந்தணு மருத்துவத்தின் முதற் பதிவு இது. அதன் பிறப்பிலேயே பொய்யும் மறைப்பும் கலந்திருந்தன. உயர்ந்த நன்மை செய்கிறோம் என்று எண்ணியே அம்மருத்துவர் அதனைச் செய்திருப்பார் என்று கொள்ளினும், ஒரு பெண்ணின் உடலை அவள் அறியாமல் பயன்படுத்தியதை நாம் நன்மை என்று சொல்ல இயலாது.

இந்தியர் இச்செய்தியைக் கேட்டதும் மகாபாரதத்தை நினைப்பர். விசித்திரவீரியன் மகவின்றி மாண்டபின் வியாசரைக் கொண்டு குருகுலம் தழைத்தது. வயலுக்கு உரியவனே விளைவுக்கும் உரியவன் என்னும் கருத்தில், அவ்வாறு பிறந்தவனை 'க்ஷேத்திரஜன்' என்று தரும நூல்கள் பன்னிரு வகைப் புத்திரரில் ஒருவனாக வைத்தன. மனுநூல் அதனை ஓரிடத்தில் விதித்து, அடுத்த மூச்சிலேயே பழிக்கிறது என்பது வேறு. நாம் குறிக்க விரும்புவது ஒன்றே. திருதராட்டிரனுக்கும் பாண்டுவுக்கும் வித்திட்டவர் வியாசர் என்பதை அவையே அறியும். பிலடெல்பியாவில்தான் அறியாமை சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இம்முறை பரவிற்று, எதிர்ப்பும் பரவிற்று. இங்கிலாந்தில் மேரி பார்ட்டன் என்னும் பெண் மருத்துவர் 1945-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தம் அனுபவத்தை வெளியிட்டார். 1948-இல் கான்டர்பரித் தலைமைக் குருவின் குழு இதனைக் குற்றமாக்க வேண்டுமென்றது. 1954-இல் அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு நீதிமன்றம், கணவன் இசைந்தாலும் இது பிறன்மனை நயத்தலே என்றும், குழந்தை முறைகேடானது என்றும் தீர்ப்பளித்தது. 1968-இல் கலிபோர்னியாவின் உயர்ந்த நீதிமன்றமோ, இசைவு தந்த கணவனே சட்டப்படி தந்தை என்றது. பதினான்கு ஆண்டுகளுக்குள் எத்துணை மாற்றம்! இசைவு என்னும் ஒரு சொல்லே அம்மாற்றத்தின் அச்சாணி.

இதற்கிடையே அறிவியலும் ஓர் அடி எடுத்து வைத்தது. 1949-இல் லண்டனுக்கு அருகில் மில் ஹில் என்னுமிடத்து ஆய்வாளர்கள், கிளிசரின் கலந்தால் விந்தணு உறைகுளிரிலும் இறவாது என்று கண்டனர். 1953-இல் அமெரிக்காவின் அயோவாவில் உறைந்த விந்தணுவிலிருந்து மனிதக் கரு உண்டாயிற்று. இன்று திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழே 196 பாகை குளிரில், விந்தணு ஆண்டுக்கணக்கில் காக்கப்படுகிறது. இதுவே விந்து வங்கி. வங்கி என்ற சொல் நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அக்குளிர்ச்சி ஒரு பாதுகாப்பும் ஆயிற்று. 1985-இல் ஆஸ்திரேலியாவில் கொடை விந்தின் வழியே நான்கு பெண்களுக்கு எய்ட்ஸ் நோய்க்கிருமி தொற்றியது தெரியவந்தது. அதன்பின், விந்தை ஆறு திங்கள் உறையவைத்து, கொடையாளியை மீண்டும் சோதித்து, தொற்றில்லை என்று தெளிந்தபின்னரே பயன்படுத்தும் முறை வந்தது.

எல்லா ஆண்குறைக்கும் கொடை விந்தணு வேண்டும் என்பதில்லை. விந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பதை இயல்புநிலையின் கீழெல்லையாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் குறித்தது. அதற்குக் குறைந்தோர் பலர்க்கு வேறு வழியுண்டு. 1992-இல் பிரசெல்சு நகர மருத்துவர்கள், ஒரே ஒரு விந்தணுவைச் சினைமுட்டைக்குள் ஊசியால் செலுத்திக் குழந்தை பிறக்கச் செய்தனர். அன்று முதல் தம் வித்திலேயே பிள்ளை பெறும் கணவர் தொகை பெருகிற்று. விந்தணுவே அறவே இல்லாதவர்க்கும், கொடிய மரபுநோய் மகவுக்குச் செல்லுமென்று அஞ்சுவோர்க்குமே கொடை தேவைப்படுகிறது. இவர்களும் சிலரல்லர். ஆயினும் நம் வீடுகளில் அரசமரம் சுற்றுவதும் நோன்பிருப்பதும் பழிச்சொல் கேட்பதும் மனைவிதான். 'மலடி' என்ற சொல் நாள்தோறும் காதில் விழுகிறது. அதன் ஆண்பாற் சொல்லை எத்தனை பேர் கேட்டிருப்பர்? கணவனின் குறையை மறைக்க மனைவி பழி சுமக்கும் இல்லங்களை நேயர்களும் அறிந்திருக்கக் கூடும்.

நம் நாட்டில் நெடுங்காலம் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2005-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நெறிமுறைகள் வகுத்தது. 2021-இல் நாடாளுமன்றம் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பச் சட்டம் இயற்ற, அது 2022 ஜனவரி 25-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. விந்தளிக்கும் ஆண் 21 முதல் 55 வயதுக்குட்பட்டவராதல் வேண்டும். ஒருவர் கொடையை ஒரு தம்பதியர்க்கு மேல் வங்கி வழங்கலாகாது. விற்பனை குற்றம். எய்ட்ஸ், மஞ்சட்காமாலை வகைகள், மேகநோய் ஆகியவற்றிற்குச் சோதனை கட்டாயம். எழுத்தில் இசைவு பெறாமல் எதுவும் செய்தல் கூடாது. பிலடெல்பியா நிகழ்ச்சி இன்று இங்கு நடந்தால் அது குற்றமாகும். கணவனும் மனைவியுமே அன்றித் தனித்து வாழும் பெண்ணும் இம்மருத்துவம் பெறலாம்.

அச்சட்டத்தின் ஒரு தொடர் நம் கருத்தை ஈர்க்கிறது. இவ்வாறு பிறந்த குழந்தை அத்தம்பதியரின் 'உயிரியல் வழிக் குழந்தையாகவே கொள்ளப்படும்' என்கிறது அது. வித்து பிறனுடையது என்று அறிந்தே, சட்டம் உயிரியலைத் தன் சொல்லால் திருத்தி எழுதுகிறது! கொடையாளி எல்லாப் பெற்றோருரிமையையும் விட்டுவிட வேண்டும். கோயில் தம்புரானுக்கு இல்லாத உரிமை இவருக்கும் இல்லை. குழந்தைக்கோ வளர்க்கும் தந்தையின் சொத்து முழுவதிலும் உரிமை உண்டு; ஆகவே உகந்துடைமையோடு வெளியேறும் துயரம் அதற்கில்லை. மருமக்கத்தாயத்தின் தெளிவும் மக்கள்தாயத்தின் பாதுகாப்பும் இங்கே ஒருங்கு கூடியிருக்கின்றன என்பது நம் கருத்து.

சாட்சிச் சட்டமும் இதே திசையில் நெடுநாளாக நின்றது. மணவாழ்வில் பிறந்த குழந்தை அக்கணவனுடையதே என்பது 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. 2025 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தன் தாயின் கணவரல்லாத ஒருவரே தன் தந்தையென்று வாதிட்ட இளைஞருக்கு மரபணுச் சோதனை கேட்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. சட்டத்தின் கண்ணில் தந்தைமை என்பது இரத்தத்தில் மட்டும் இல்லை.

இனி அந்த விண்ணப்பத் தாளுக்கு வருவோம். மணமுறிவு பெற்ற கேரளப் பெண் ஒருவர், கொடை விந்தணுவால் தனியே கருவுற்றார். பிறப்புப் பதிவுத் தாளில் தந்தை பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அவருக்கே தெரியாத பெயரை அதில் எப்படி எழுதுவது? வெறுமையாக விட்டால் குழந்தை காலமெல்லாம் அவ்வெறுமையைச் சுமக்கும். அவர் நீதிமன்றம் சென்றார். 2021 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், இத்தகைய தாயிடம் தந்தை பெயரைக் கேட்பது அவள் மானத்துக்கும் குழந்தையின் மானத்துக்கும் ஊறு என்று கூறி, தந்தைக்கெனக் கட்டமே இல்லாத தனிப் படிவம் வகுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. அவ்வரசு அமர்ந்திருப்பது திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தில். தாய்வீட்டுப் பெயரையே முன்னெழுத்தாக வைத்து வாழ்ந்த தலைமுறைகளின் ஊருக்கு, தந்தை பெயர் இன்றியும் ஒருவர் முழுமனிதராகலாம் என்று ஒரு நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது!

இவ்வளவும் நன்று. ஆனால் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையே ஒரு வேற்றுமை எஞ்சி நிற்கிறது. சித்திரைத் திருநாளுக்குத் தம் தந்தை இன்னார் என்று தெரியும். தம்பிமார்க்கும் தெரியும், அத்தெரிவே அவர்க்குத் துயரமாகவும் முடிந்தது. கொடை விந்தணுவாற் பிறந்த இந்தியக் குழந்தைக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள உரிமையும் சட்டம் தரவில்லை. உடல்நலம் பற்றிய செய்திகள் கிடைக்க வழியுண்டு, பெயர் கிடைக்காது.

பிற நாடுகள் வேறு வழி சென்றன. சுவீடன் நாடு 1985 மார்ச் முதல், வளர்ந்த பிள்ளை கேட்டால் கொடையாளியின் பெயரைச் சொல்லவேண்டுமென்று முதன்முதலாகச் சட்டம் செய்தது. இங்கிலாந்து 2005 ஏப்ரலில் அவ்வழியைப் பின்பற்றியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017-இல் பழைய கொடையாளிகளின் பெயரையும் திறந்துவிட்டது. இதற்குத் தூண்டுகோல் வளர்ந்த பிள்ளைகளின் குரலே. மேரி பார்ட்டனின் மருத்துவமனையில் பதிவேடுகள் எரிக்கப்பட்டன. ஆனால் அங்கே கருவாகிப் பிறந்தவர்கள் முதிர்ந்த வயதில் மரபணுச் சோதனை செய்துகொண்டபோது, அவருடைய கணவர் பெர்டோல்டு வைஸ்னரே தம்மில் பலர்க்குத் தந்தை என்று கண்டனர். தாள் எரிந்தாலும் குருதி சொல்லிற்று. எச்சிலை ஒரு குழாயில் இட்டு அஞ்சலில் அனுப்பினால் உறவினரைக் காட்டும் நிறுவனங்கள் பெருகிய இக்காலத்தில், மறைப்பு எத்தனை நாள் நிற்கும்?

மறுபக்கத்து அச்சமும் பொய்யன்று. பெயர் வெளிப்படுமென்றால் கொடையளிக்க முன்வருவோர் குறைவர் என்று மருத்துவர்கள் அஞ்சுகின்றனர். வளர்த்த தந்தையின் நெஞ்சம் என்னாகும் என்று குடும்பத்தார் அஞ்சுகின்றனர். சிற்றூர்ப் பேச்சுக்கு அஞ்சியே எத்தனையோ தம்பதியர் வெளியூர் மருத்துவமனையை நாடுகின்றனர். வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர்க்குச் சுற்றத்தார் கண்ணிலிருந்து விலகியிருக்கும் வசதி ஓரளவு உண்டு. துணைக்கு ஆள் இல்லாத தனிமையும் உண்டு. அவர்களைப் 'பிள்ளையிடம் இன்றே சொல்லிவிடுங்கள்' என்று கட்டாயப்படுத்த நாம் யார்? சொல்வது பெற்றோர் முடிவு. ஆனால் பதிவு அழியாமல் இருப்பது அரசின் கடமை. முன்னதை இல்லத்துக்கும் பின்னதைச் சட்டத்துக்கும் விடுவதே முறையென்று நமக்குத் தோன்றுகிறது.

சேது லட்சுமிபாய் வாழ்ந்த பூஜப்புரைச் சாட்டல்மண்ட் அரண்மனையில், இன்று சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. இதயத்துக்குச் செயற்கை வால்வு செய்த இடம் அது. தத்து வந்த அரசி நடமாடிய கூடங்களில் இன்று உடலுக்குள் பொருத்தும் கருவிகளைச் சோதிக்கிறார்கள். அவ்வரசியைப் பெற்ற தாய் யார், தந்தை யார், தத்தெடுத்த ராணி யார் என்பன யாவும் சமஸ்தானத்து வரலாற்று நூல்களில் அச்சாகியுள்ளன. திருவனந்தபுரத்து நூலகங்களில் எவரும் எடுத்துப் படிக்கலாம்.

இன்றைய சட்டப்படி மருத்துவமனைகளும் வங்கிகளும் தம் ஏடுகளைப் பத்தாண்டு காத்து, பின்னர்த் தேசியப் பதிவகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அப்பதிவகத்தின் கதவைத் தட்டப் பிள்ளைக்கு உரிமை உண்டா என்பதைச் சட்டம் இன்னும் சொல்லவில்லை. அச்சட்டம் வந்தபின் பிறந்த முதற் குழந்தைகள் 2040-ஆம் ஆண்டில் பதினெட்டு வயதை எட்டுவர்.